பாதிக் கூடு

பனைமரத்துல தொங்கின கூடுகளையெல்லாம் போன வருசப் புயல் பிச்சுப் போட்டதுலேர்ந்து அந்த ஆண் தூக்கணாங்குருவிக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. கூட்டாளிகளை விட்டுட்டு, காடு காடா அலைஞ்சு, ஆளில்லாத கிணறு ஒண்ணைப் புடிச்சுது. காத்து அடிக்காது, பாம்பு ஏறாது, தண்ணி வத்தாது, பக்கத்துலயே கம்பங்கொல்லை. கிணத்துக்குள்ள சாஞ்ச கிளையில பாதிக் கூடு கட்டிட்டு உக்காந்துச்சு.

"மீதி எப்ப, மாப்ள?"ன்னுச்சு கிணத்து ஓணான்.

"பொண்ணு வந்து உள்ள உக்காந்து பாத்து, புடிச்சிருக்குன்னு சொல்லணும் மச்சான். அப்பறந்தான் மீதி. எங்க வழக்கம் அது."

"இங்க பேய் வரவே யோசிக்குது. பொண்ணா வரப் போவுது?"

குருவி சிரிச்சுச்சு. சிரிப்பு கிணத்துக்குள்ள போயி, தனியாவே திரும்பி வந்துச்சு.

சாயங்காலம் கிணத்துச் சுவத்துல ஏறி நின்னா, தூரத்துப் பனைமரத்துல கூட்டாளிங்க நாருக்கு அடிச்சுக்கிற சத்தம் லேசாக் கேட்டுச்சு. குருவி ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டே நின்னுச்சு.

"அந்த மரம் அடுத்த புயலைத் தாங்காது, மாப்ள."

"தாங்காதுதான்"னுச்சு குருவி. தன் கூட்டுலேர்ந்து நீளமா ஒரு நாரை உருவி, வாயில கவ்விக்கிட்டு, பனைமரத்தைப் பாத்துப் பறந்துச்சு.