மட்டமான ரசனை

"பார்த்தாலே குமட்டுது, பெரியவரே. முதல்ல இதைப் பிடுங்கி எறிங்க" என்றபடி ராய்ஸ் கிடாரைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் கிடத்தினான்.

ஹோபர்ட் மலின்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வர்ஜீனியா மலையோரத்தில் இருந்த அந்தச் சிற்றூருக்குக் கிடார் பழுதுபார்க்க அவர் ஒருவர்தான். கடையில் கோந்தும் மரத்தூளும் கலந்து மணத்தன.

கிடாரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பழுத்த தேன் நிறப் பலகை, கீறலே கிடையாது. கம்பிகளின் அடிநுனியைப் பலகையோடு பிடித்து நிறுத்தும் ஆறு முளைகள்தான் அதைக் கெடுத்தன. வெள்ளை எலும்பில் கடைந்தவை. ஒவ்வொன்றின் தலையிலும் இளஞ்சிவப்புச் சிப்பியில் குட்டியாக ஓர் இதயம்.

"இதென்ன கிடாரா, கம்மல் கடையா?" என்று ராய்ஸ் உதட்டைப் பிதுக்கினான். "இதை வச்சுக்கிட்டு மேடை ஏறினா, முதல் வரிசையில இருக்கறவன் சிரிச்சே செத்துடுவான். சாதாக் கறுப்பு பின் ஆறு போடுங்க. நான் இருக்கும்போதே முடிச்சுக் குடுத்துடுங்க."

"எந்த ஊருலேர்ந்து வரீங்க, தம்பி?"

"ரோனோக்."

"அங்க நாலு கடை இருக்கே. ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு இங்க வந்திருக்கீங்க."

"அவனுங்க கை சரியில்ல" என்றான் ராய்ஸ். கடையைச் சுற்றிப் பார்த்தபோது இந்தக் கை மட்டும் என்ன வாழ்ந்தது என்று தோன்றியது. சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடத் தெரியாத கிழவர்.

ஹோபர்ட் கம்பிகளைத் தளர்த்தினார். முதல் இரண்டு முளைகளை இடுக்கியால் இழுத்தார், சுலபமாக வந்தன. மூன்றாவதற்கு இடுக்கியை எடுக்கவே இல்லை. கிடாரின் வட்டத் துளைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து கட்டைவிரலால் நெம்பினார். முனகிக்கொண்டு வெளியே வந்தது அது.

"அது இறுகியிருக்கும்னு எப்படித் தெரியும்?"

"கைப் பழக்கம்."

ஆறையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்துவிட்டுக் கேட்டார். "யாரு வச்சது இதெல்லாம்?"

"என் பெரியப்பா. கிடாரை எனக்கு எழுதி வச்சுட்டுப் போய்ச் சேர்ந்தாரு."

"என்ன வேலை பார்த்தாரு?"

"நிலக்கரிச் சுரங்கத்துல."

"சுரங்கத்துல வேலை பார்த்தவருக்கு ரோஸ் கலர் இதயம்."

"ரசனை கெட்ட மனுஷன்" என்று சிரித்தான் ராய்ஸ்.

ஹோபர்ட்டும் சிரித்தார். "ரொம்ப மட்டமான ரசனைதான். பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கு." இழுப்பறையைத் திறந்து துழாவினார். "கறுப்பு பின் தீர்ந்துபோச்சு. நம்ம ஆளு ஒருத்தன் கொண்டுவருவான், கொஞ்சம் இருங்க."

தொலைபேசியை எடுத்தார். "ஏர்ல், ஹோபர்ட் பேசறேன். டெலியா கிடார் விஷயமாப் பேசினோமே, அதுக்கு உண்டான பின் வேணும். கடையில ஆள் காத்துக்கிட்டு இருக்காரு. சீக்கிரம் வா."

ராய்ஸுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். அது ஆறிப்போய்க் கசந்தது. கிழவருக்குக் காப்பி போடவும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பொழுது போகத் தட்டிலிருந்து ஒரு முளையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான்.

"வேலையைப் பாருங்க. ஒரு இதயம் லேசாக் கோணல். ஆறும் ஒரே உயரமாவும் இல்ல. செஞ்சவனுக்குக் கை நடுக்கம் இருந்திருக்கும்."

"இருந்திருக்கலாம்" என்றார் ஹோபர்ட். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"சும்மா குடுத்தாலும் எவனும் வாங்க மாட்டான். குப்பையில போட்டுடுங்க."

ஹோபர்ட் அவன் விரல்களிலிருந்து அதை வாங்கினார். தட்டில் இருந்த ஐந்தையும் சேர்த்து அள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கம்பியில்லாத கிடாரைத் தூக்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த தாங்கியில் நிறுத்தினார்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. உள்ளே வந்த ஏர்லின் கையில் பொட்டலம் எதுவும் இல்லை. பழுப்புப் போலீஸ் சீருடை, மார்பில் நட்சத்திர வில்லை, இடுப்பில் துப்பாக்கி. கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றான்.

ராய்ஸ் காப்பிக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தான். "சரி, பெரியவரே. இன்னொரு நாள் வரேன். அந்தக் கண்றாவியை எந்த மடையன் செஞ்சானோ, உங்க நேரமும் வீணாப்போச்சு."

"அந்த மடையன் நான்தான், தம்பி. வேணாம்னு சொல்லிப் பார்த்தேன், மக டெலியா பிடிவாதம் பிடிச்சா, கல்யாணத்துக்குக் கடைஞ்சு குடுத்தேன்" என்றார் ஹோபர்ட். "போன மாசம் கிடார் திருடு போனப்போ, அவ அழுதது இந்த ஆறுக்காகத்தான்."