பல்வலிக்காரரும் வயிற்றுவலிக்காரரும்

எந்தப் பல் என்று டாக்டர் கேட்டதும் அருணகிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

நோவு பல்லில் இல்லை, பாதத்தில். இரண்டு பாதமும் வெந்திருந்தன.

நேற்றுச் சாயங்காலம் மலையில் காளியம்மன் கோயில் தீமிதி. காப்புக் கட்டாமல், விரதம் இருக்காமல், மத்தியானம் சாமைச்சோறும் கோழிக்குழம்பும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, கறுப்புச் சட்டையோடு குண்டத்தில் இறங்கி நடந்து காட்டினார் டெய்லர் அருணகிரி. சாமியும் இல்லை பூதமும் இல்லை, விறுவிறுவென்று நடந்தால் எவன் காலும் சுடாது என்று தையல் மிஷினை மிதித்துக்கொண்டே ஊருக்கெல்லாம் சொல்லிவந்தவர். அம்மனுக்கு வருஷா வருஷம் பாவாடை தைப்பதும் அவர்தான். கூலி வேறு, கொள்கை வேறு.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. நடுக்குண்டத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்ட ஒரு நொடி நின்றுவிட்டார். அந்த ஒரு நொடிதான்.

வெளியே தெரிந்தால் தீர்ந்தது. அம்மன் தண்டித்துவிட்டாள் என்று மலை முழுக்கத் தமுக்கடிப்பார்கள். அதனால் வீட்டில் மனைவி சாந்தம்மாள் தீப்புண்ணுக்கென்று அடுப்பங்கரையில் வைத்திருந்த பர்னால் களிம்பைப் பிதுக்கிப் பூசிக்கொண்டு, விடிந்ததும் புளி லாரியில் தொற்றி மலையிறங்கி, தெரிந்த முகமே இல்லாத இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தால், பெஞ்சில் பூசாரி சின்னராசு உட்கார்ந்திருக்கிறார்.

சாமி இல்லையென்பவன் கால் வெந்து வெடிக்கும் என்று ஊர் நடுவே சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர். வேவு பார்க்கத்தான் வந்திருக்க வேண்டும்.

"இன்னா டெய்லரே, கால் கீல் சுட்டுச்சா?"

"காலு கல்லாட்டம் கீது. பல்லு நோவு. ஒனக்கு இன்னா?"

"வவுத்து நோவு."

வேட்டிக்குக் கீழே, கரகம் தூக்கிக் குண்டம் இறங்கிய பூசாரியின் கால்களில் நேற்றைய மஞ்சள் அப்படியே இருந்தது. இந்தப் பொய்யனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அருணகிரிக்கு வயிறு எரிந்தது.

டாக்டருக்கும் பெஞ்சுக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான். காதோடு காதாக உண்மையைச் சொல்லிவிடலாம் என்று குனிந்தார். திரைக்கு அப்பால் பூசாரி இருமினார்.

கைக்கு எட்டிய பல்லைக் காட்டினார். டாக்டர் தட்டிப் பார்த்தார். ஆடவேயில்லை, மாத்திரை போதும் என்றார். மறுபடியும் இருமல். அதில் ஒரு சந்தேகம் இருந்தது.

"புடுங்கிடுங்க!" என்றார் அருணகிரி, திரைக்குக் கேட்கும்படி.

எலும்பைக் கடித்து நொறுக்கிய நல்ல கடைவாய்ப் பல் போயிற்று.

வாய் நிறையப் பஞ்சோடு, நொண்டாமல் பூசாரியைக் கடந்து வராந்தாவுக்கு வந்தார். குண்டத்தைவிட அந்த நடைதான் நீளமாக இருந்தது. வயிற்று நோவுக்கு ஒரு டம்ளர் விளக்கெண்ணெயை நீட்டிய கம்பவுண்டர் இங்கேயே குடி என்றார். பூசாரி வராந்தாவில் நின்ற டெய்லரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தீர்த்தம்போலக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மலைக்குத் திரும்ப ஒரே பஸ். முன்னால் ஏறிய பூசாரி வேட்டியைத் தூக்கிக் காலை எடுத்துவைத்தபோது, பாதம் அருணகிரியின் மூக்குக்கு நேரே வந்தது.

மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் மஞ்சள் வாசனை இல்லை. பர்னால். நடுவில் உடைந்த கொப்புளம்.

பூசாரி கால் சுட்டால் விரதத்தில் குற்றம். அடுத்த வருஷம் கரகம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரு வார்த்தை போதும். பஸ்ஸே கேட்கும்படி அருணகிரி ஆனந்தமாக வாயைத் திறந்தார்.

"ங்ங்ங்" என்றது பஞ்சு.

அந்த அவசரத்தில் அவர் செருப்பு கழன்று படியில் விழுந்தது. திரும்பிய பூசாரி, டெய்லரின் மஞ்சள் பாதத்தை நிதானமாகப் பார்த்தார். தன் வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பஸ்ஸில் பாதிப் பேர் நேற்றுக் குண்டத்தைச் சுற்றி நின்றவர்கள். எல்லோருடைய கண்ணும் அந்த நான்கு கால்களின் மேல்தான்.

"ஒரு சீட்டு கீது. யாராச்சும் ஒருத்தர் குந்துங்க," என்றார் கண்டக்டர்.

பூசாரி பெருந்தன்மையாக டெய்லரைக் கைகாட்டினார். டெய்லர் அதைவிடப் பெருந்தன்மையாகப் பூசாரியைக் கைகாட்டினார்.

பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியது. இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் மாறிமாறி நின்றார்கள். மூன்றாவது வளைவில் பூசாரியின் வயிறு கடகடவென்று உருண்டது. அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அருணகிரிக்கு வாழ்நாளில் முதல் தடவையாக அந்த மனிதர்மேல் இரக்கம் வந்தது.

சீட்டு மட்டும் காலியாகவே மலையேறியது.