தவறைச் சொல்லும் வரி

எந்தப் பட்டனை அமுக்கினாலும் "சரிதாங்க" என்றது கம்ப்யூட்டர்.

டீச்சர் வேண்டுமென்றே தப்பான பட்டனை அமுக்கிப் பார்த்தாள். அதற்கும் "சரிதாங்க"தான்.

குரல் பக்கத்தில் நிற்கும் தையல்கார அக்காவுடையது. கம்ப்யூட்டருக்குள் போயும் மரியாதை குறையவில்லையே என்று டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை.

கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கற்றுத்தரும் மல்டிமீடியா ஸ்கிரிப்ட் ஆரம்ப வகுப்புக்கு இன்று கடைசி நாள். இறுதி ப்ராஜெக்டுக்கு ஐந்து தலைப்புகள் கொடுத்திருந்தாள். பதினோரு பேர் கண்ணை மூடிக்கொண்டு பந்து விளையாட்டை எடுத்தார்கள். அந்தப் பந்துகளில் பாதி சுவருக்குள் புகுந்து காணாமல் போயின, அது போகட்டும். அக்கா மட்டும்தான் நான்காவது தலைப்பை எடுத்தாள். படம் பார்த்து விடை சொல்லும் வினாடி வினா.

அதற்கு ஒரே ஒரு கட்டாயம். தவறான விடைக்குத் தவறைச் சொல்லும் வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்ச்சி கிடையாது. மதிப்பெண் தாளில் அதை எழுதியதும் டீச்சர்தான், அடிக்கோடு போட்டதும் அவள்தான்.

அக்காவுக்குத் தேர்ச்சி வேண்டும். சான்றிதழ் கொண்டுவந்தால், வீட்டிலிருந்தபடியே கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு மாற்றுவதாகத் தையல் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பாள். ஏன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

"ஒரே ஒரு வரிதான் அக்கா. இப்பவே போட்டுருங்க, பாஸ் போட்டுடறேன்."

"அது மட்டும் வேணாம் மேடம். அஞ்சு மணிக்குள்ள நான் போகணும். பக்கத்து வீட்டுல அதுவரைக்கும்தான் பார்த்துக்குவாங்க."

பேரப்பிள்ளையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள் டீச்சர்.

ஆனாலும் ஆற்றாமையாக இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு வகுப்புக்கும் மட்டம் போடாதவள், கடைசி நாளில் வந்து முரண்டு பிடிக்கிறாளே. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாளே.

திரையில் கடைசிக் கேள்வி நின்றது. பழைய படம் ஒன்று. ஒரே சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஓர் ஆணும் பெண்ணும். சிரிப்பை வைத்துத்தான் அந்தப் பெண் அக்கா என்று கண்டுபிடிக்க முடிந்தது. 'பக்கத்தில் நிற்பது யார்?' கீழே நான்கு பட்டன்கள். மனைவி. அம்மா. நர்ஸ். தெரியாது.

டீச்சர் 'தெரியாது' என்பதை அமுக்கினாள்.

"சரிதாங்க."

இது வேலைக்கு ஆகாது, நாமே போட்டுவிடுவோம் என்று ஸ்கிரிப்டைத் திறந்தாள்.

வரி ஏற்கனவே அங்கே இருந்தது. ஒரு பிழை இல்லை. வேலை செய்யாதபடி அக்காதான் அதை நிறுத்திவைத்திருந்தாள்.

எதை மாற்றினாலும், எதை நிறுத்தினாலும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள் என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியது டீச்சர்தான். பந்துக்காரர்களில் ஒருத்தரும் எழுதவில்லை. அக்கா எழுதியிருந்தாள், தேதி போட்டு.

'மூன்றாம் தேதி. மணிச் சத்தத்துக்குப் பயந்துவிட்டார். சத்தத்தை எடுத்துவிட்டேன்.'

'ஏழாம் தேதி. தவறு என்று வந்ததும் கையை இழுத்துக்கொண்டார். இன்னொரு தடவை பாருங்க என்று மாற்றினேன்.'

'பன்னிரண்டாம் தேதி. அதற்கும் அழுதுவிட்டார். என்னைத் தெரியாவிட்டால் போகட்டும். அவர் அழ வேண்டாம்.'

டீச்சர் மூன்று குறிப்புகளையும் முதலிலிருந்து படித்தாள். நிமிர்ந்தால் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கைப்பை எப்போதோ தோளில் ஏறியிருந்தது.

டீச்சர் மதிப்பெண் தாளை இழுத்து, அடிக்கோடு போட்ட இடத்தை மறுபடியும் படித்தாள். தவறைச் சொல்லும் வரி இருக்க வேண்டும் என்றுதான் போட்டிருந்தது.

இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.