ஐஸ் பெட்டி

கடல் பாக்டீரியாவின் மரபணுவில் அம்மாவின் குரலை எழுதிவைத்து நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. முனைவர் பட்ட வேலை எவ்வளவு நெருக்கினாலும், ஜெனோவா வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பாக்டீரியாவைப் புது வளர்ப்புத் தட்டுக்கு மாற்றிவிட்டு, மரபணுவைக் குரலாக்கும் கருவியில் வைத்து ஒருமுறை கேட்பாள்.

"ஏட்டி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா" என்று பதிலும் சொல்வாள்.

இந்த வெள்ளிக்கிழமை கருவியிலிருந்து அதே வார்த்தைகள் முன்பின் தெரியாத யாரோ ஒருத்தியின் குரலில் வந்தன.

ஆய்வு நெறியாளர் பிரிட்டோ சார் வந்து திரையைப் பார்த்தார். தட்டு மாற மாற மரபணுவில் பிழைகள் சேர்ந்திருந்தன.

"உறையவச்ச மூலக் குழாயை எடும்மா. அதுல எதுவும் மாறியிருக்காது."

"உறையவச்ச குழாயே இல்ல சார்."

"சனிக்கிழமை வகுப்புல பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு நீதான சொல்லிக்குடுக்க, முதல் வேலையா ஒரு குழாயை உறையவச்சிரணும்னு?"

"ஆமா சார்."

"பின்ன நீ ஏன் வைக்கல?"

"அப்பா கப்பல்லருந்து வர்ற வரைக்கும் அம்மாவ ரெண்டு நாள் ஐஸ் பெட்டியில வச்சிருந்தோம் சார். கன்னத்தத் தொட்டுப் பாத்தேன்."

இளஞ்சூடு மாறாத தட்டை அவள் இரு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

"மறுபடியும் குளிர்ல வைக்க மனசு வரல சார்."