கத்தரிப்பூ நிறத் தெரு

சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது நகரமைப்பு அலுவலகத்து எபனேசர் வந்து பைக்கை நிறுத்தினார்.

டெல்பின் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாந்தை அள்ளி அப்பினாள்.

போன மழையில் விழுந்த சுவர் அது. அன்றிலிருந்து அந்தப் பக்கம் முழுக்கத் தார்ப்பாய்தான். அடுத்த மழைக்குள் சுவர் எழும்பாவிட்டால் கூரையும் உட்கார்ந்துவிடும். அப்புறம் வீடு என்று சொல்ல ஒன்றும் இருக்காது.

அனுமதி கேட்டுப் போனபோது எபனேசர்தான் வரைபடத்தை விரித்துக் காட்டினார். கடலோரத் தெரு பூராவும் கத்தரிப்பூ நிறம். அந்த நிறம் என்றால் தொழிற்சாலைப் பகுதியாம். அங்கே வீட்டுக்கென்று புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாதாம்.

பாட்டன் முப்பாட்டன் காலத்துத் தெருவுக்கு யாரோ ஏசி அறையில் உட்கார்ந்து சாயம் பூசிவிட்டார்கள். யாரையும் போகச் சொல்லவில்லை. வீடுகள் தானாக விழும்வரை காத்திருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

டெல்பின் அன்றைக்கு அழவில்லை. தொழிற்சாலை என்றால் என்ன, அதற்குள் என்னவெல்லாம் இருக்கலாம் என்று மட்டும் கேட்டாள். ஆறுதலாக இருக்கட்டுமே என்று எபனேசர் விதிகளை வாசித்துக் காட்டினார். நல்ல மனுஷன், பாவம்.

இப்போது வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'சகாய மாதா கருவாடு உலர்த்தும் ஆலை.' முற்றத்தில் நெத்திலி காய்ந்தது. எப்போதும் காய்கிற அதே நெத்திலிதான்.

"இது வீடு இல்ல சார், ஆலை. ஆலைக்குள்ள வாச்மேன் குடும்பத்தோட தங்கலாம்னு நீங்கதான வாசிச்சீய? நான்தான் வாச்மேன்."

எபனேசருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். வேலையை நிறுத்தச் சொல்லி அவருக்கு மேலிடத்திலிருந்து போன் மேல் போன். காவலாளி என்றால் உரிமையாளர் அமர்த்திய ஆள் என்று விதியில் தெளிவாக இருக்கிறது. தன் இடத்துக்குத் தானே காவலாளி என்றால் செல்லாது.

"ஓனர் வேற ஆளா இருக்கணும்மா."

"வேற ஆள்தான். எதுத்த வீட்டு மயினி பேருக்கு எழுதியாச்சு."

எபனேசர் திகைத்துப்போனார். எதிர்வீட்டு அமலோற்பவம், டெல்பினின் அண்ணன் மனைவி. சாக்கடைத் தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்ற தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வருஷக்கணக்காகிறது. டெல்பின் மேல் அமலோற்பவம் கொடுத்த புகார்களை விசாரிக்க அவரே இந்தத் தெருவுக்கு வந்திருக்கிறார்.

"அவுகள நம்பியா குடுத்தீய?"

"என் வீட்டுக்காரரு சங்கு குளிக்க இறங்கும்போது கயிறு எங்க அண்ணன் கையிலதான சார் இருக்கு? அவுக ரெண்டு பேருங்கூடத்தான் பேசிக்கிடுததில்ல."

அந்தக் கரையில் அதற்கு மறுபேச்சு கிடையாது. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் மச்சான்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுத்து நிற்கக் கூடாது என்று நினைக்கிறவன் அசந்துபோக மாட்டான். என்ன சண்டை நடந்தாலும் கயிற்றை வேறு ஆளிடம் கொடுக்க மாட்டார்கள்.

எபனேசர் கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் நாசரேத் ஊர்க்காரர். கடல் அவருக்குப் பார்க்க அழகான ஒன்று, அவ்வளவுதான். அவர் மனதில் சாக்கடைத் தகராறுதான் ஓடிக்கொண்டிருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி உரிமையாளரே ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டால் தன் தலைவலி தீர்ந்தது. ஆகாதவள் எழுதிக் கொடுக்காமலா இருப்பாள் என்று தெருவைக் கடந்து போனார்.

அமலோற்பவம் தன் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து மீன் கீறிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள். எதிர்ப்பக்கம் டெல்பினை ஒரு பார்வை பார்த்தாள். அன்பான பார்வை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"சுவர் கட்டச் சொன்னதே நான்தான். எழுதியெல்லாம் தர மாட்டேன். அவ வாயி அப்படி, ஆனா காவலுக்கு அவள மாதிரி ஆளு கெடையாது" என்றாள். "இதுக்கு மேல பேசணும்னா என் மொதலாளிகிட்ட கேட்டுட்டு வாங்க சார். நான் இங்கன டூட்டியில இருக்கேன்."

எபனேசர் நிமிர்ந்து பார்த்தார், அவள் வாசலிலும் ஒரு ஆலைப் பலகை தொங்கியது.

"உங்க மொதலாளி யாரு?"

அமலோற்பவம் மீன் கத்தியை நீட்டித் தெருவுக்கு அந்தப் பக்கம் காட்டினாள். அங்கே டெல்பின் அடுத்த வரிசைச் செங்கல்லை வைத்துக்கொண்டிருந்தாள்.