முப்பத்தெட்டாம் நம்பர் ஃபைல்

“சார், முப்பத்தெட்டாம் நம்பர் ஃபைல்ல ஒரு வெளி நம்பர் இருக்கே, அது யாரோடது?”

பக்கத்து மேஜைக்காரி கேட்டதும், அவர் குடித்துக்கொண்டிருந்த டீ தொண்டையில் சூடாகவே இறங்கியது.

தையல் மெஷின் கம்பெனி அது. கம்பெனி முழுவதற்குமான டெலிபோன் சாஃப்ட்வேரை எழுதியவர் அவர்தான். அதற்குள் இருக்கும் தகவல் அட்டவணைகளை எப்போதெல்லாம் மாற்றினாரோ, அப்போதெல்லாம் அந்த மாற்றத்தை ஒரு ஃபைலாக எழுதி நம்பர் போட்டு வைத்திருந்தார். மைக்ரேஷன் என்பார்கள். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு சேர்ந்திருந்தன. சனிக்கிழமை எல்லாவற்றையும் புது சிஸ்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவள், முப்பத்தெட்டில் நின்றுவிட்டாள்.

யாரும் எடுக்காத கால் எங்கே போக வேண்டும் என்று குறிக்க, அட்டவணையில் புதிதாக ஓர் இடத்தைச் சேர்த்த ஃபைல் அது. எந்தப் பிரிவு அந்த இடத்தைக் காலியாக விட்டாலும், தானாக ஒரு நம்பர் வந்து உட்கார்ந்துகொள்ளும். பதினாலு வருஷமாக உட்கார்ந்திருந்த அந்த நம்பர் கம்பெனிக்குள் எங்குமே இல்லை.

“எங்க வீட்டு நம்பர்தான்” என்றார்.

“டெஸ்ட் பண்ணப் போட்டுட்டு மறந்துட்டீங்களா?”

அவர் பொதுவாகத் தலையாட்டி வைத்தார். அவள் சிரித்துவிட்டாள். தானும் ஒரு தடவை இப்படித்தான் நாலாயிரம் வாடிக்கையாளருக்கும் தன் பிறந்த தேதியையே போட்டுவிட்டதாகச் சொன்னாள். பிறகு சந்தேகம் வந்து, இத்தனை வருஷத்துப் புகார்ப் பட்டியலைத் தேடினாள். அந்த நம்பரைப் பற்றி ஒரு புகார்கூட இல்லை. அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எப்படியிருந்தாலும் புது சிஸ்டம் வெளி நம்பரை ஏற்காது, தூக்கிவிடலாமா என்று கேட்டாள். தூக்கிவிடச் சொன்னார்.

மறதியாவது மண்ணாங்கட்டியாவது. தெரிந்தேதான் போட்டார்.

இதே கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர் அவருடைய அப்பா. வாசலை ஒட்டிச் சின்ன அறை. காதில் ஹெட்போன், எதிரே பலகை நிறைய ஓட்டைகள், ஒயர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் இவர் அங்கே ஓடிவந்து, ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார். கூப்பிடுகிறவர் வாயைத் திறந்ததுமே அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிடும். ஊசி உடைந்தவரையும் பெல்ட் அறுந்தவரையும் அதட்டாமல், அலுத்துக்கொள்ளாமல், சரியான ஆளிடம் சேர்த்துவிடுவார். பின்னாளில் ஒயர் போய்ப் பொத்தான் வந்தது. குரல் மட்டும் மாறவில்லை. அப்பாதான் கம்பெனியையே நடத்துகிறார் என்று ரொம்ப நாள் இவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த அறையைப் பூட்டவைத்தது மகன் எழுதிய சாஃப்ட்வேர்தான்.

அப்பா முகம் சுளிக்கவில்லை. ‘என் பையன் எழுதினது’ என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டுதான் விடைபெற்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆள் ஒடிந்துபோனார். நாள் முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நடுநடுவே ரிசீவரை எடுத்து, சத்தம் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பார். மகனால் அதைச் சகிக்க முடியவில்லை. நேராக ஒரு வேலை வாங்கிக் கொடுத்தால் ஏற்கிற ஆளில்லை, ரோஷக்காரர். மூன்றாவது வாரம் மகன் முப்பத்தெட்டாம் ஃபைலை எழுதினார்.

அப்பா நிமிர்ந்துவிட்டார். தினம் ஏழெட்டு கால் வரும். காலையில் சவரம் செய்து, இஸ்திரிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒன்பது மணிக்குப் போன் முன்னால் ஆஜர். வருஷா வருஷம் கம்பெனிப் பிரிவுகளின் எக்ஸ்டென்ஷன் நம்பர் பட்டியலை, சும்மா பார்க்கத்தான் என்று கேட்டு வாங்கிக்கொள்வார். மகன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுப்பார். கம்பெனி கால் வீட்டுக்கு வருவதைப் பற்றி மட்டும் இருவரும் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

அன்று மகன் சீக்கிரமே வீட்டுக்குப் போனார். அப்பா யாரிடமோ சர்வீஸ் பிரிவின் நம்பரைப் பொறுமையாக இரண்டாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மகனைக் கண்டதும் சட்டென்று போனை வைத்துவிட்டு, ராங் நம்பர் என்றார்.

எழுபது வயது மனிதரிடமிருந்து இரண்டாம் தடவையாக வேலையைப் பிடுங்க வேண்டும். பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்பா, சனிக்கிழமைலேர்ந்து இங்க கம்பெனி கால் எதுவும் வராது. சாஃப்ட்வேர்ல நம்ம வீட்டு நம்பர் இருந்ததுல்ல, அதை இன்னிக்குப் பார்த்து எடுத்துட்டாங்க.”

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. பயந்தபடியே ஆகிவிட்டதே என்று மகன் தலையைக் குனிந்துகொண்டார். அப்பா அவர் கையைப் பிடித்தார்.

“உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்லப்பா. யாரும் ஒண்ணும் சொல்லல.”

அப்பா நாற்காலியில் சாய்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“அப்பாடா. நீ எழுதினதுல ஏதோ தப்பு விழுந்துடுச்சுன்னு முதல் கால் வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கூப்பிடுறவங்க எரிச்சல்பட்டு மேலிடத்துல சொல்லிட்டா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்களேன்னுதான்டா பதினாலு வருஷமா இந்தப் போனை விட்டு நகரல. ஞாயித்துக்கிழமைக்கு உன் அக்கா ஊருக்கு எனக்கு ஒரு டிக்கெட் போட்டுடு.”