பேர் போடாத முகம்

சமையல் மேடையில் கிடந்த போன் திடீரென்று அதிர்ந்து, அணைந்து, தானாகவே மறுபடி எரிந்தது. தமயந்தி திடுக்கிட்டுக் கரண்டியை நழுவவிட்டாள். அப்டேட் முடிந்துவிட்டதாம். அவள் கேட்கவே இல்லை. இனி படங்களில் இருக்கும் முகங்களை அதுவே பிரித்து வைக்குமாம். அவள் பேர் போட்டால் போதுமாம்.

ஒவ்வொரு முகமாக வட்டத்துக்குள் வந்து, 'இது யார்?' என்று கேட்டது. பேர் சொல்லிப் பழக்கமில்லாத வீடு. 'பெரிய அத்தான்', 'சித்தி', 'யாழினி அப்பா' என்றே போட்டுக்கொண்டு போனாள். மாமியாரையும் நாத்தனாரையும் ஒரே ஆளாகச் சேர்த்திருந்தது. அதில் தப்பில்லை என்று சிரித்துக்கொண்டாள்.

அடுத்த வட்டத்தில் நெற்றித் தழும்போடு ஒருவன். அவள் அறியாத முகம். தொட்டாள்; அவன் விழுந்திருந்த படங்களெல்லாம் விரிந்தன. யாழினியைத் தத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, ஆரத்திக்குப் பின்னால் தெருவோரம் நின்றான். யாழினியின் காதுகுத்தில் பந்தல்காலை ஒட்டி நின்றான். கடற்கரையில் பலூன்காரனுக்குப் பின்னால் நின்றான். எல்லாப் படத்திலும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

தமயந்தி போனைக் கையில் எடுத்தாள். கூடத்தில் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்த கணவனிடம் ஓடினாள்.

"என்னங்க, யாரோ ஒருத்தன் நம்ம பாப்பா பின்னாலேயே சுத்துறான். எல்லா போட்டோவிலயும் இருக்கான்!"

பாஸ்கரின் கையில் சீப்பு நின்றது. அவள் நீட்டிய போனை அவன் பார்க்கவே இல்லை.

"தழும்புக்காரனா?" என்றான் தாழ்ந்த குரலில். "பெத்தவனாச்சே, தூரத்துல நின்னு பார்த்துக்கட்டும்னு விட்டேன். போட்டோவுல மட்டும் விழமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருந்தானே!"